உரலில் தோற்ற தானியம்

ஒரு கிலோ சாமையில் ஏறத்தாழ நான்கரை லட்சம் மணிகள் இருக்கும். ஆயிரம் மணிகளைச் சேர்த்து நிறுத்தால் இரண்டு கிராம், மிஞ்சினால் இரண்டரை கிராம். அதே ஒரு கிலோ நெல்லில் நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் மணிகள்தாம். நெல்லைப் போலவே சாமை மணி ஒவ்வொன்றையும் கெட்டியான, வழுவழுப்பான உமி மூடியிருக்கிறது. ஒரு வேளைச் சோறாக்க வேண்டுமானால் லட்சக்கணக்கான மணிகளிலிருந்து உமி கழன்றாக வேண்டும். உள்ளே இருக்கும் அரிசி நொய்யாகவும் போகக் கூடாது. கொல்லிமலையில் இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாக உரலும் உலக்கையும் முறமும் வைத்துக்கொண்டு பெண்கள் செய்துவந்தார்கள்.

கொல்லிமலையில் சாமை ஏன் குறைந்தது என்று கேட்டால் வழக்கமாக மூன்று பதில்கள் கிடைக்கும்: மரவள்ளி தந்த பணம், ரேஷன் கடை அரிசி, மாறிப்போன நாக்கு. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றும் நிலத்தையோ தட்டையோ பார்த்துச் சொல்லப்பட்டவை. நிலத்துக்கும் தட்டுக்கும் நடுவில் ஓர் உரல் இருந்தது. அதன் அருகே ஒரு பெண் நின்றாள். சாமையின் கதையை அங்கிருந்து படித்தால்தான் அது ஏன் போனது என்பதும், திரும்பி வர என்ன வேண்டும் என்பதும் விளங்கும் என்பது என் எண்ணம். இந்தக் கட்டுரை அதற்கான முயற்சி.

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் தனித்த துண்டாக நிற்கிறது கொல்லிமலை. அடிவாரத்தில் காரவள்ளி, அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சோளக்காடு, செம்மேடு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில், மேடும் பள்ளமுமாக விரிந்த மலைத்தலை. சங்கப் பாடல்களில் வல்வில் ஓரியின் நாடாக வருவது இதுதான். அவன் பெயரில் இன்றும் ஆடி மாதம் அரசு விழா நடக்கிறது. இங்கே வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைத்துவிடக் கூடாது. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வழங்கும் தமிழ்ப்பெயர் அது. காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் வந்ததாக அவர்களின் வாய்மொழிக் கதை சொல்கிறது. மலையின் ஊராட்சிகள் இன்றும் நாடு என்ற பெயரோடுதான் இருக்கின்றன: வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, தேவனூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்று.

இவர்கள் நிலத்தைப் பிரித்துப் பெயர் வைத்திருக்கும் விதமே ஒரு வேளாண் பாடம். பள்ளத்தில், நீர் தேங்கும் இடம் வயல், அங்கே நெல். மேலே ஏறினால் மேட்டாங்காடு. மழையை நம்பிய உழவு நிலம். ஏர் போக முடியாத செங்குத்துச் சரிவு கொத்துக்காடு. கொத்தால் கிளறித்தான் விதைக்க முடியும். மேட்டாங்காட்டிலும் கொத்துக்காட்டிலும் விளைந்தவை சாமை, தினை, கேழ்வரகு, வரகு, பனிவரகு. இவற்றில் சாமைதான் மிகக் குறைந்த மண்ணிலும் எழுந்து நிற்பது. கல்லும் சரளையும் கலந்த மெல்லிய மண், நிற்காமல் ஓடிவிடும் மழைநீர், பருவத்துக்கு வந்தும் வராமலும் போகும் மழை ஆகிய எல்லாவற்றுக்கும் அது பழகியது.

தாவரவியலார் இதைப் பானிக்கம் சுமாட்ரென்ஸ் என்கிறார்கள். பெயரில் சுமத்ரா இருந்தாலும் இது பயிராக உருவானது இந்தியத் துணைக்கண்டத்தில். குஜராத்தில் ரோஜ்டி என்னும் ஹரப்பா கால ஊரை அகழ்ந்தபோது கரிந்த சாமை மணிகள் கிடைத்தன. நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை அதற்கு உண்டு. இதன் காட்டு உறவான பானிக்கம் சைலோபோடியம் என்ற புல் இன்றும் இந்தியாவில் வளர்கிறது. காட்டுப் புல்லில் மணி முற்றியதும் உதிர்ந்துவிடும். சாமையில் அறுக்கும்வரை கதிரிலேயே நிற்கும். காட்டுப் புல்லுக்கும் பயிருக்கும் இடையிலான பெரிய வேறுபாடு இதுதான். உதிராத கதிர்களையே அறுத்து, அதையே மறுபடி விதைத்த எத்தனையோ தலைமுறை மனிதர்களின் வேலை அந்த வேறுபாட்டில் இருக்கிறது. 1983இல் டி வெட் என்ற தாவரவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் சாமையை நானா, ரோபஸ்டா என இரு இனங்களாகப் பிரித்தார்கள்.

பூக்கும் தாவரம் என்று சொன்னால் சாமையை யாரும் நினைப்பதில்லை. இதழ் இல்லை, மணம் இல்லை, தேன் இல்லை. தளர்ந்து தலை சாய்ந்த கதிரில் மயிரிழை போன்ற காம்புகளின் நுனியில் சிறுகதிர்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பூக்கள். கீழ்ப்பூ மலடு, மேல்பூவில் மூன்று மகரந்தத் தாள்களும் இறகு போன்ற சூல்முடியும். காலை ஒன்பதரை, பத்து மணி வாக்கில் பூ திறக்கும். சில நிமிடங்களில் மூடிக்கொள்ளும். அந்தச் சில நிமிடங்களுக்குள் தன் மகரந்தத்தாலேயே தான் கருவுற்றுவிடும். அந்தப் பூவை நின்று பார்த்தவர்கள் பயிர் விஞ்ஞானிகளும், களை எடுக்கப் போன பெண்களும் தவிர வேறு யாராவது இருப்பார்களா என்பது சந்தேகம்.

இந்த அவசரப் பூவுக்கு இரண்டு விளைவுகள் உண்டு. பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கை என்பதால், ஒரு குடும்பம் பிரித்து வைத்த விதை வகை அவ்வளவு எளிதில் கலந்துபோகாது. கொல்லிமலையில் கட்டவெட்டிச் சாமை, சடஞ்சாமை, பெருஞ்சாமை, வெள்ளப்பெருஞ்சாமை, மல்லியச் சாமை, கருஞ்சாமை, திருகுலச் சாமை என்று இத்தனை நாட்டு வகைகள் தனித்தனியாக நிலைத்ததற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம், நல்ல கதிரைக் களத்தில் தனியே எடுத்து வைத்த கைகள். இரண்டாவது விளைவு, பயிர்ப் பெருக்கக்காரர்களுக்குத் தொல்லை. இவ்வளவு சின்னஞ்சிறு பூவில் மகரந்தப் பையை நீக்கிக் கலப்புச் செய்வது கடினம். சாமையில் வெளியான வகைகளின் எண்ணிக்கை நெல்லுக்கு அருகில்கூட வராததற்கு ஆர்வமின்மையோடு இதுவும் சேர்ந்துகொண்டது.

வைகாசி, ஆனி மழையில் நிலத்தைக் கிளறி விதையைத் தூவுவார்கள். சாமை மட்டும் தனியாக நிற்பது குறைவு. கடுகு, அவரை, ஆமணக்கு போன்றவை ஊடே வரும். ஒன்று பொய்த்தால் ஒன்று கைகொடுக்கும் என்ற ஏற்பாடு அது. வகையைப் பொறுத்து இரண்டரை மாதத்திலிருந்து நாலைந்து மாதம்வரை நிலத்தில் நிற்கும். அறுத்துக் களத்தில் போட்டு, மாடு கட்டித் தாம்போட்டி மணியைப் பிரிப்பார்கள். வைக்கோல் மென்மையானது, மாடு விரும்பித் தின்னும். உமியோடு கூடிய மணி, தானியம் சேர்த்துவைக்கும் தொம்பையில் ஏறும். அங்கே வருஷக்கணக்கில் கெடாமல் கிடக்கும்; வழுவழுப்பான அந்த உமிதான் அதற்குக் காவல். மழை பொய்த்த வருஷத்துக்கு முந்திய வருஷங்களின் சாமை சோறு போடும். எந்தக் கடைக்காரரும், எந்த லாரியும் அந்த ஏற்பாட்டுக்குத் தேவைப்படவில்லை. அதை நினைக்கும்போது எனக்கு மலைப்பாகவே இருக்கிறது.

ஆனால் காவலாக இருந்த அதே உமிதான் பாரமாகவும் இருந்தது. அதற்கு வருமுன் மரவள்ளியைப் பார்த்துவிட வேண்டும்.

மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. போர்ச்சுக்கீசியர் வழியாகக் கேரளக் கரைக்கு வந்தது. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள், பஞ்சத்துக்கு உதவும் உணவென்று அதை மக்களிடையே பரப்ப முனைந்தார். சேலத்தில் அதன் வாழ்வு வேறு திசையில் போயிற்று. ஜவ்வரிசி என்பது ஆதியில் தென்கிழக்காசியாவில் வளரும் சேகோ பனையின் தண்டுச்சோற்றிலிருந்து எடுத்த மாவில் செய்தது. இரண்டாம் உலகப்போரில் அந்தச் சரக்கு வருவது நின்றது. 1943 வாக்கில் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார், மலேயாவில் இத்தொழிலை அறிந்திருந்த போபட்லால் ஷாவோடு சேர்ந்து, மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழிலைத் தொடங்கினார். அங்கிருந்து சேலம், ஆத்தூர், இராசிபுரம், நாமகிரிப்பேட்டை வட்டாரமெங்கும் ஆலைகள் எழுந்தன. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963இல் தொடங்கிய மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1971இல் எச்-165, எச்-226 என்ற வகைகளை வெளியிட்டது; எச்-226 சேலத்து ஆலைகளின் விருப்பப் பயிரானது. 1981இல் உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் உருவானது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கொல்லிமலையின் அடிவாரமே இந்த ஆலைகளின் வட்டாரம். சாலை ஏறிய பிறகு மரவள்ளி ஏறியதில் வியப்பில்லை. தண்டைத் துண்டு துண்டாக வெட்டி நட்டால் போதும். ஏழை மண்ணிலும் கிழங்கு வைக்கும். ஒன்பது, பத்து மாதத்தில் பிடுங்கி லாரியில் ஏற்றினால் மொத்தமாகப் பணம். அந்தப் பணத்துக்குக் காத்திருந்த தேவைகள் சிறியவை அல்ல: பள்ளிக் கட்டணம், மருத்துவமனை, திருமணம், ஓட்டுவீடு. சாமை தொம்பையை நிரப்பியது. கையில் காசைத் தரவில்லை. எலிசபெத் பின்னிஸ் என்ற கனடிய மானிடவியலாளர் கொல்லிமலையில் தங்கி ஆராய்ந்து 2007இல் எழுதிய கட்டுரை இந்த மாற்றத்தைப் பற்றியதுதான். மலைவாசிகள் ஏமாந்துபோய் மரவள்ளிக்கு மாறவில்லை, தங்கள் பிள்ளைகளுக்கு வேறொரு வாழ்க்கை வேண்டுமென்று கணக்குப் போட்டே மாறினார்கள் என்ற திசையில் அவர் வாசிக்கிறார். சிறுதானியத்தின் சுவையையும் அது தந்த உடல் வலுவையும் ஏக்கத்தோடு பேசியவர்களே அதைக் குத்தும் வேலையின் பாரத்தையும் பேசினார்கள். இந்த இரண்டையும் ஒருசேரக் கேட்டதுதான் அந்த ஆய்வின் சிறப்பு என்று நினைக்கிறேன்.

மரவள்ளி வந்ததால் மலைக்கு நேர்ந்த இழப்புகளும் உண்மை. சாமை, தன் நார்வேர்களால் மேல்மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மரவள்ளி நட்ட முதல் இரண்டு மூன்று மாதம் நிலம் திறந்து கிடக்கும். அறுவடையில் கிழங்கைப் பிடுங்கும்போது சரிவு மண் மறுபடி கிளறப்படும். அடுத்த மழை அதைக் கீழே கொண்டுபோகும். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெடத் தொடங்கிவிடும் என்பதால் விலை படியவில்லை என்று வைத்துக் காத்திருக்கவும் முடியாது. ஆலை மாவுச்சத்தைப் புள்ளிக் கணக்கில் அளந்து சொல்வதே விலை. தொம்பையில் வருஷக்கணக்கில் கிடக்கும் தானியத்திலிருந்து, மூன்று நாள் பொறுக்காத கிழங்குக்கு ஒரு மலையின் பொருளாதாரம் மாறியது. இன்னொன்று, ஆலைக்கென்று வளர்த்த கிழங்கு வீட்டுச் சோற்றின் இடத்தை நிரப்பவில்லை. நிலத்தில் விளைந்தது மலையை விட்டு இறங்கியது. சோறு ரேஷன் கடை வழியாக மேலே ஏறியது. தமிழ்நாட்டில் 2006இல் கிலோ 2 ரூபாய், 2008இல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் விலையில்லாமல் என்று ரேஷன் அரிசி வந்துகொண்டிருந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பசியைத் தணித்த திட்டம் அது. ஆனால் தீட்டிய அரிசி வீட்டு வாசலுக்கு வரும்போது உரலின் கணக்கு முழுவதுமாக மாறிவிடுகிறது.

இனி உரல். சாமையை முதலில் வெயிலில் காயவைக்க வேண்டும். பாறையில் குடைந்த குழியிலோ மர உரலிலோ கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் குத்த வேண்டும். குத்தியதை முறத்தில் புடைத்து உமியைப் பிரித்து, உமி கழலாத மணிகளைக் கொழித்தெடுத்து மறுபடி குத்த வேண்டும். இப்படி இரண்டு மூன்று தடவை. நூறு கிலோ சாமையில் கடைசியில் அரிசியாகத் தேறுவது அறுபது, எழுபது கிலோ. ஐந்தாறு பேருள்ள வீட்டுக்கு நாள்தோறும் இதைச் செய்ய வேண்டும். காட்டு வேலைக்குப் போகுமுன் விடியற்காலையிலோ, திரும்பி வந்து இருட்டிலோ. இந்த உழைப்புக்குக் கூலி கிடையாது. எந்த வேளாண் கணக்கிலும் அது செலவாக எழுதப்படவில்லை. ஹெக்டேருக்கு இத்தனை கிலோ சாமை, இத்தனை டன் மரவள்ளி, இன்ன விலை என்று ஒப்பிட்ட அட்டவணைகளில் உலக்கைக்கு ஒரு பத்தி இல்லை. பெண்ணின் நேரம் விலையற்றதாக இருந்தவரைதான் சாமை மலிவான உணவாகத் தோன்றியது. அவள் கூலி வேலைக்குப் போகவும், மகளைப் பள்ளிக்கு அனுப்பவும் தொடங்கியதும் சாமையின் உண்மையான விலை தெரிந்தது.

இந்த வாதத்துக்கு ஒரு சோதனை இருக்கிறது: கேழ்வரகு. கேழ்வரகுக்குக் கெட்டி உமி கிடையாது. களத்தில் அடித்துத் தூற்றினால் மணி வெறுமனே வந்துவிடும்; நேரே திருகையிலோ மாவு மில்லிலோ போட்டு அரைக்கலாம். சாமை, வரகு, தினை, பனிவரகு, குதிரைவாலி எல்லாம் உமி நீக்க வேண்டியவை. இந்திய அளவில் இன்றும் கேழ்வரகு ஒன்று மட்டும் பிடித்திருக்கும் பரப்பு, இந்த உமித் தானியங்கள் எல்லாம் சேர்ந்து பிடித்திருப்பதைவிட மிக அதிகம். விளைச்சல், பருவம், கர்நாடகத்தின் களிப் பழக்கம் என்று வேறு காரணங்களும் உண்டு. ஒன்றின்மேலேயே எல்லாவற்றையும் ஏற்ற முடியாது. கொல்லிமலையிலேயே கேழ்வரகும் மரவள்ளிக்கு நிலம் கொடுத்தது. ஆனாலும் ஊர்தோறும் இருந்த மாவு மில், கேழ்வரகுக்கு உதவியதுபோல் சாமைக்கு உதவவில்லை என்பதைக் கணக்கில் எடுக்காத எந்த விளக்கமும் குறையுள்ளதாகவே எனக்குப் படுகிறது.

பயிர் சுருங்கத் தொடங்கியதும் அது தானாகவே வேகமெடுத்தது. சுற்றிலும் எல்லோரும் சாமை விதைத்தபோது குருவிகள் எல்லோர் காட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றன. சுற்றிலும் மரவள்ளியும் மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களும் நிற்க, ஒருவர் மட்டும் சாமை விதைத்தால் அத்தனை குருவிகளும் அந்த ஒரு காட்டுக்கே வரும். காவல் காக்க ஆள் வேண்டும். களத்தில் தாம்போட்ட மாடுகள் குறைந்தன. பக்கத்து வீட்டில் விதை கேட்டு வாங்கும் வழக்கமும் விதையோடு போயிற்று.

எம்.எஸ். சுவாமிநாதன் 1988இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் 1990களின் நடுப்பகுதியிலிருந்து கொல்லிமலையில் வேலை செய்கிறது. முதலில் அவர்கள் கையிலெடுத்தது விதை. எந்த ஊரில் எந்த வகை எஞ்சியிருக்கிறது என்று பெரியவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம் கேட்டுத் திரட்டினார்கள். ஊர் விதை வங்கிகள் அமைந்தன. விதை வாங்கியவர் அறுவடைக்குப் பிறகு வாங்கியதைவிடக் கூடுதலாகத் திருப்பித் தருவது முறை. ஆனால் விதை மட்டும் இருந்தால் பயிர் திரும்பிவிடாது என்பது விரைவிலேயே தெரிந்திருக்க வேண்டும். 2001இல் வேளாண் வளர்ச்சிக்கான பன்னாட்டு நிதியத்தின் ஆதரவில் தொடங்கிய, கவனிப்பாரற்ற பயிர்களுக்கான உலகளாவிய திட்டத்தில் கொல்லிமலையும் ஒரு களமாக இருந்தது. அந்தக் காலத்தில்தான் மலை ஊர்களில் உமி நீக்கும் சிறு இயந்திரங்களும் மாவு இயந்திரங்களும் சுயஉதவிக் குழுக்களின் பொறுப்பில் வந்தன. மணிக்கணக்கில் ஆன வேலை நிமிடங்களில் முடிந்தது. அந்த முயற்சியில் இதுவே எல்லாவற்றிலும் பெரிய திருப்பம் என்பேன். நாளிதழ்களில் நாட்டு விதைகளின் படங்கள் வந்த அளவுக்கு அந்த இயந்திரங்களின் படங்கள் வரவில்லை.

அதன் மேல் மற்றவை ஏறின. தூவுவதற்குப் பதிலாக வரிசை நடவு, அளவான விதை, மணியிலிருந்து சத்துமாவு, உப்புமா ரவை போன்ற பண்டங்கள், கொல்லி ஹில்ஸ் நேச்சுரல் ஃபுட்ஸ் என்ற பெயரில் விற்பனை, விவசாயிகளும் குழுக்களும் சேர்ந்த கூட்டமைப்பு. க்ருயெர், லதா நாகராஜன், இஸ்ரேல் ஆலிவர் கிங் ஆகிய மூவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இந்த அனுபவத்தைப் பொருளாதாரக் கண்ணால் பார்த்தது. வாங்குபவர் பெருக வேண்டும், உற்பத்தியும் பதப்படுத்தலும் திறமையாக நடக்க வேண்டும், வரத்தை முறைப்படுத்தும் கூட்டு ஏற்பாடு வேண்டும்; ஒதுக்கப்பட்ட ஒரு பயிர் சந்தையில் நிற்க இந்த மூன்றும் தேவை என்பது அவர்கள் கண்டது. தனியொரு குடும்பத்தால் ஆகக்கூடியது இவற்றில் ஒன்றுகூட இல்லை.

இயந்திரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனெனில் அங்கேதான் இன்றைய சிக்கல். நெல் அரைக்கும் ஹல்லரில் சாமையைப் போட்டால் பாதி நொய்யாகும். சாமைக்கு ஏற்றது, சுழலும் தட்டு மணியை விசையோடு சுவரில் மோதவிட்டு உமியை உடைக்கும் வகை. மணியில் ஈரம் சற்றுக் கூடினாலும் உமி கழலாது. சற்றுக் குறைந்தாலும் அரிசி உடையும். மணிகள் ஒரே அளவாக இல்லாவிட்டால் பெரியது உடைய, சிறியது உமியோடு தப்பிக்கும். ஆகவே முதலிலேயே சலிக்க வேண்டும். களத்து மண்ணும் பொடிக்கல்லும் களை விதையும் சாமை மணியின் அளவிலேயே இருப்பதால் அவற்றைப் பிரிக்கத் தனிச் சல்லடை வேண்டும். இதெல்லாம் சரியாக நடக்க, இயந்திரத்தை அறிந்த ஒருவர் ஊரில் இருக்க வேண்டும். மின்சாரம் போனாலோ ஒரு பெல்ட் அறுந்தாலோ மலையிறங்கிப் போய்த்தான் சரிசெய்ய வேண்டுமென்றால், அந்த வாரம் வீட்டில் ரேஷன் அரிசிதான் வேகும்.

கீழே, சமவெளியின் பெரிய ஆலைகளில் வேறொரு தவறு நடக்கிறது. உமி நீங்கிய சாமையின் தவிட்டில் எண்ணெய்ச் சத்து உண்டு. அது சில வாரங்களிலேயே சிக்கு வாடை தரத் தொடங்கும். கடை அலமாரியில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டுமென்றும் வெள்ளையாகத் தெரிய வேண்டுமென்றும் தவிட்டையும் தீட்டிவிடுகிறார்கள். நார்ச்சத்துக்காகச் சாமை வாங்கும் நகரத்துக்காரர் நார்ச்சத்தில் பெரும்பகுதி போன அரிசியை அதிக விலை கொடுத்து வாங்குகிறார். பழுப்பும் சாம்பலும் கலந்த நிறத்தில், கையில் ஒட்டும் பொடியோடு இருப்பதே தவிடு நீங்காத சாமை அரிசி. அதைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதைச் சீக்கிரம் சமைத்துவிடுங்கள்.

சத்துக் கணக்கிலும் நேர்மை வேண்டும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணைப்படி 100 கிராம் சாமையில் சுமார் 10 கிராம் புரதமும் 7.7 கிராம் நார்ச்சத்தும் இருக்கின்றன. தீட்டிய அரிசியின் புரதம் 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு. மரவள்ளிக் கிழங்கில் 1 கிராம் அளவுதான். இரும்புச்சத்து பற்றி விளம்பரங்களில் இன்றும் காணப்படும் 9.3 மில்லிகிராம் என்ற எண் அதே நிறுவனத்தின் பழைய அட்டவணையிலிருந்து வந்தது. 2017 அட்டவணையில் அது 1.3 மில்லிகிராம் அளவே. ஏழு மடங்கு வேறுபாடு! சாமையை நேசிப்பவர்கள் பழைய எண்ணை விட்டுவிட வேண்டும். புரதமும் நாருமே போதுமான பெருமை. சோகை தீரும் என்று நம்பி வாங்கியவர் ஏமாந்தால் அடுத்த முறை எதையும் நம்பமாட்டார்.

பயிரிட விரும்புவோருக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை எளிமையானது. வரிசையில் விதைத்தால் ஹெக்டேருக்கு 10 கிலோ விதை, தூவினால் 12.5 கிலோ, வரிசைக்கு வரிசை 25 சென்டிமீட்டர், அடியுரமாக 12.5 டன் தொழு உரம். குருத்து ஈ இளம்பயிரைத் தாக்கும் என்பதால் பருவம் தவறாமல் விதைப்பது முக்கியம். கிருஷ்ணகிரி மாவட்டம் பையூர் நிலையத்திலிருந்து பையூர் 2, கோவையிலிருந்து கோ 4, திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தல் சிறுதானிய மகத்துவ மையத்திலிருந்து ஏடிஎல் 1 ஆகிய வகைகள் வந்திருக்கின்றன. ஏடிஎல் 1 மூன்று மாதத்துக்குள் அறுவடைக்கு வந்து ஹெக்டேருக்கு ஒன்றரை டன் அளவு தரக்கூடியது. சமவெளி மானாவாரிக்கு இவை நல்லவை. கொத்துக்காட்டுச் சரிவுக்கு மலையின் சொந்த வகைகளையே முதலில் நம்புவேன். அந்த மண்ணும் பனியும் மழையும் சேர்ந்து வடித்த விதை அது.

மரவள்ளியின் காலமும் இப்போது நிம்மதியாக இல்லை. வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய் நெடுநாள் தொல்லை. 2020இல் கேரளத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, விரைவில் சேலம், நாமக்கல் காடுகளுக்கும் வந்து குருத்துகளைச் சுருட்டியது. 1980களில் ஆப்பிரிக்காவில் இதே பூச்சியை அடக்கிய அனகைரஸ் லோபெசி என்ற சிறு குளவியை, பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்துப் பெருக்கியது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது வயலில் விடப்பட்டது. பூச்சி அடங்கினாலும் விலை ஏறி இறங்குவது அடங்காது. மலையில் பலர் மிளகுக்கும் காபிக்கும் போய்விட்டார்கள்; அவை சரிவுக்கு மரவள்ளியைவிட நல்லவை, வருமானமும் கூடுதல். அவர்களிடம் போய் மிளகுக் கொடியைப் பிடுங்கிவிட்டுச் சாமை விதையுங்கள் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. நான் கேட்பது மரவள்ளி நிற்கும் மேட்டாங்காட்டில் ஒரு மூலையை. அதுவும் அந்த வீட்டுப் பெண் சம்மதித்தால்.

2018ஐ இந்திய அரசு சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. அந்த ஆண்டே நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷன் கடையில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு தரும் முன்னோடித் திட்டம் தொடங்கியது. ரேஷனுக்குள் முதலில் நுழைந்தது உமியில்லாத கேழ்வரகுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். கொல்லிமலையில் விளையும் சாமையைக் கொல்லிமலையிலேயே தீட்டி, அங்குள்ள ரேஷன் கடைகளிலும் அங்கன்வாடிகளிலும் விடுதிகளிலும் கொடுப்பதற்குச் சட்டத்தில் தடையேதும் இல்லை; 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசி, கோதுமையோடு இத்தகைய தானியங்களையும் சேர்த்தே சொல்கிறது. பழங்குடிக் குழந்தைகளின் ஊட்டச்சத்தைப் பற்றி ஒவ்வோர் ஆண்டும் அறிக்கை எழுதும் துறைகள் இதை முதல் வரியில் எழுத வேண்டும்.

இந்தக் கட்டுரையின் வாதம் சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. இளம் ஆய்வாளர் யாராவது செய்ய வேண்டும். கொல்லிமலையின் நாடுகள் ஒவ்வொன்றிலும் ஓடுகிற நிலையில் உள்ள உமி நீக்கும் இயந்திரங்களை வரைபடத்தில் குறிக்கட்டும்; மூட்டையைத் தலையில் வைத்து ஒரு மணி நேரம் நடந்தால் எட்டக்கூடிய ஊர்களை அவற்றைச் சுற்றி வரையட்டும். பிறகு ஆவணியில், சாமை பூவெடுக்கும் சமயத்தில், காலை பத்து மணிக்கு மேட்டாங்காடுகளில் நடந்து எங்கெங்கே சாமை நிற்கிறது என்று அதே படத்தில் வேறு நிறத்தில் குறிக்கட்டும். இயந்திரம் நின்றுபோன ஊர்களையும் விடாமல் குறிக்க வேண்டும். எந்த ஆண்டு நின்றது, அதற்கடுத்த ஆண்டு அங்கே எத்தனை வீடுகள் சாமை விதைத்தன என்று அந்த வீட்டுப் பெண்களிடமே கேட்க வேண்டும்.